ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒகேனக்கல்லா?

பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்களில் ஷிப்ட் வேலை பார்த்து, லீவு கிடைத்ததும் வேன் பிடித்து அருவிக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு,



சனிக்கிழமை இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போன சற்று நேரத்தில், பிள்ளைப்பாக்கம் சாலையோரம் ஒரு வேன் வந்து நிற்கும். ஒரே ரூமில் தங்கியிருப்பவர்களும் ஒரே லைனில் நிற்பவர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஏறுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட பணம் ஒருவர் கையில் இருக்கும். பின் சீட்டுக்கு அடியில் 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, அரிசி, மசாலா தடவிய கோழி வைத்த வாளி, இரண்டு பாய், ஒரு ஸ்பீக்கர். முன்கண்ணாடியில் ஒரு எலுமிச்சம்பழம். வண்டி ஒகேனக்கல்லுக்குப் புறப்படுகிறது. ஞாயிறு ராத்திரி திரும்பிவிட வேண்டும், திங்கள் காலை முதல் ஷிப்ட்.

மேல்நாட்டில் இதற்கு கேம்பர்வேன் என்று பெயர். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தித்தரும் வேலையை வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி 1951-ல் தொடங்கியது. அதிலிருந்து, வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்கும் அருவிக்கும் போவது அங்கே ஒரு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. தமிழில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆசை நம் ஊரிலும் உண்டு. வாடகை வேனில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு போகிறவர்களிடம் இருப்பது அதே ஆசைதான். அதைக் குறை சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. வாரத்தில் ஆறு நாள் கன்வேயர் வேகத்துக்குக் கையை நகர்த்தியவர், ஏழாவது நாள் தண்ணீர் விழுவதைப் பார்க்கத் துடிப்பதில் தப்பேதும் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒகேனக்கல்லை ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் திணிக்காதீர்கள்.

தூரத்தை முதலில் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி. அங்கிருந்து சேலம் சாலையில் தர்மபுரி. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகக் காவிரி ஆற்றங்கரைக்கு இன்னும் 46 கிலோமீட்டர். எல்லாம் சேர்த்துப் போக மட்டும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நிறுத்தாமல் போனாலும் ஆறு மணி நேரம் பிடிக்கும். போக ஆறு, வர ஆறு. நடுவில் குளியல், பரிசல், சாப்பாடு. ஓட்டுநர் எப்போது தூங்குவார் என்று இந்தக் கணக்கில் எங்கேயும் எழுதவில்லை.

எட்டு மணி நேர வேலை என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கும் அதைத்தான் வகுத்தது: நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு. உங்கள் லைனில் ஒருவர் இரவு முழுக்க நின்றுவிட்டு மறுநாள் பகலிலும் மெஷினைத் தொட வந்தால் சூப்பர்வைசர் விடமாட்டார். அதே கண்டிப்பை வேன் ஓட்டுகிறவர் விஷயத்தில் காட்ட வேண்டியது வேனில் உட்கார்ந்திருக்கிறவர்கள். "அண்ணா, வாணியம்பாடி தாண்டி ஒரு மணி நேரம் நிறுத்திப் படுங்க" என்று சொல்ல ஒரு குரலாவது வேண்டும். இரண்டு ஓட்டுநர் உள்ள வண்டியாகப் பிடித்தால் வாடகை கூடும். அந்தக் கூடுதலைப் பதினைந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பிரியாணிக் காசுகூட வராது.

இதே சாலையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பர் 11 அதிகாலை. ஆம்பூர் வட்டாரத்துக் கிராமத்துக்காரர்கள் தர்மஸ்தலா போய்விட்டு வேனில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றது. சரிசெய்யும் வரைக்கும் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று பெண்கள் இறங்கி வேனுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. 7 பெண்கள் இறந்தார்கள். வீட்டுக்குப் போக இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

அவர்கள் செய்த தவறு என்று ஒன்றுமே இல்லை. வண்டி நின்றால் நாம் எல்லோரும் அப்படித்தான் உட்காருவோம், அதுவும் விடியாத நேரத்தில், காற்றாட. அதனால்தான் இதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நான்குவழிச் சாலையில் வேன் நின்றுவிட்டால் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நடுத்திட்டிலும் ஒருவரும் இருக்கக் கூடாது. தடுப்புக் கம்பியைத் தாண்டி, சாலையை விட்டே இறங்கி, வண்டியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நல்ல தூரத்தில் சிவப்பு முக்கோணத்தை வைக்க வேண்டும். வாடகை பேசும்போதே ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, எஃப்.சி. எந்தத் தேதி வரைக்கும், நம்பர் பிளேட் மஞ்சளா என்று பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு எடுத்துப் போய் ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். லாரியும் பஸ்ஸும் டயரும் கண்ணாடியும் தயாராகிற வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்கள் நீங்கள். ஒரு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாலே அதன் நிலைமை தெரிந்துவிடும்.

அடுத்து, பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிலிண்டர்.

2023 ஆகஸ்ட் 26. மதுரை ரயில் நிலையத்தில் தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று விடியற்காலையில் எரிந்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரில் டீ போடப் பற்றவைத்தபோது பிடித்த தீ. 9 பேர் இறந்தார்கள். நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டியிலேயே, அத்தனை கதவு இருந்தும், அந்தக் கதி என்றால், ஒரே ஒரு பக்கக் கதவும் துணி சீட்டும் உள்ள வேனில் என்ன ஆகும்? அடுப்பும் படுக்கையும் உள்ள வண்டிகளுக்கு நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. அதன்படி கட்டி, சோதித்து, பதிவு செய்த வண்டிதான் கேரவன். சாதாரண வேனில் சீட்டைக் கழற்றிவிட்டு அடுப்பு மேடை வைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை.

அதோடு, ஒகேனக்கல்லுக்கு அடுப்பு கொண்டுபோகத் தேவையே இல்லை. இந்தியாவின் வேறு அருவிக்கரைகளில் அவ்வளவு எளிதில் கிடைக்காத ஒரு வசதி அங்கே இருக்கிறது. ஆற்று மீனை வாங்கிக் கையில் கொடுத்தால், அங்கேயே அலசி, நறுக்கி, மசாலா அரைத்துச் சமைத்துத் தரும் பெண்கள் கரை நெடுக இருக்கிறார்கள். விறகடுப்பின் மேல் அகலமான இரும்புக் கல். அதில் செக்கச்செவேல் என்று மசாலா பூசிய துண்டுகள் அடுக்கியிருக்கும். ஓரத்தில் இருப்பதைத் திருப்பி நடுவுக்குத் தள்ளுவதும், வெந்ததை ஓரத்துக்கு இழுப்பதுமாக அந்த அம்மாவின் கை ஓயாது. எண்ணெயில் கறிவேப்பிலை வெடிக்கும் சத்தம் அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கும். குழம்பும் சோறும் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட்டுக் குளிக்கப் போக வேண்டும். திரும்பி வரும்போது தயாராக இருக்கும். "காரம் தூக்கலா போடட்டுமா கண்ணு?" என்று கேட்பார்கள். வாளியில் ஆறு மணி நேரம் குலுங்கி வந்த கோழிக்கு இது எவ்வளவோ மேல்.

இவர்களையும், எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர்களையும், பரிசல் ஓட்டிகளையும் நம்பித்தான் அந்த ஊரின் அடுப்பு எரிகிறது. வெள்ளம் வந்து குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விழுந்தால், அது நீங்கும் நாள் வரைக்கும் மூன்று தொழிலுக்கும் வருமானம் நின்றுவிடும். ஆகவே அடுப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் இன்னொரு வீட்டிலும் உலை கொதிக்கும்.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகைகிற கல், ஒகேனக்கல். பாறையில் மோதித் தெறிக்கும் நீர்த்திவலைகள் புகைபோல எழுவதால் வந்த பெயர். இந்த அருவி மழையை மட்டும் நம்பியதல்ல. மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பித் திறக்கப்பட்டால், இங்கே வானம் வெறிச்சென்று இருக்கும்போதே ஆறு பொங்கும். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் வரும் தண்ணீரை அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததே, அந்தத் தண்ணீரை அளப்பதும் இந்த இடத்தில்தான். "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி" என்று தினமும் செய்தித்தாளில் வருகிற வரியின் மூலமும் அதுதான்.

அந்த வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 2024 ஜூலைக் கடைசியில் நீர்வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. உங்கள் தெருவுக்கு வரும் 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கனஅடி என்றால், ஒவ்வொரு வினாடிக்கும் அப்படிச் சுமார் 235 லாரித் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டுகிறது. அந்த மாதிரி நாளில் அருவியே தெரியாது. பாறை, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் மூழ்கி, செந்நிறத்தில் ஒரே ஆறு ஓடும். கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர ஓரிரு நாள் ஆகும். அதனால் வியாழன், வெள்ளியில் அணைச் செய்தி பார்த்தாலே ஞாயிற்றுக்கிழமை நிலைமை ஓரளவு தெரிந்துவிடும். தடை இருக்கும்போது கிளம்பிப் போனால், மடம் சோதனைச் சாவடியிலேயே போலீஸார் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 600 கிலோமீட்டர் டீசலும் ஒரு ராத்திரித் தூக்கமும் வீண்.

ஒரே ஒரு நாள் கையில் இருக்கிறவருக்குத்தான் தடையை மீறும் எண்ணம் வரும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு முழுக்காவது போட்டுடலாம்" என்று காவல் இல்லாத பாறைப் பக்கம் இறங்குவது அப்படித்தான். காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகள் உண்டு. வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையமே ஒகேனக்கல்லில் இருக்கிறது. பாறைகளுக்கு இடையில் நீரோட்டம் அடியில் இழுக்கும் இடங்கள் மேலே பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். குற்றாலத்தில் 2024 மே 17 அன்று பழைய அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. சற்று முன்பு வரை எல்லோரும் சிரித்துக் குளித்துக்கொண்டிருந்த இடம் அது.

பரிசலைப் பற்றிச் சொல்லாமல் மடலை முடித்தால் ஒகேனக்கல்லைப் பற்றியே சொல்லாத மாதிரி. கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கும்போது அவை பெரிய ஆமைகளைப் போல இருக்கும். பிளந்த மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் முடைந்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அடியில் முன்பு எருமைத்தோல் போர்த்தினார்கள். இப்போது கனமான பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். ஒரு ஆள் அதை முதுகில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு பாறையில் நடந்து வருவார். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால் மட்டும் தெரியும். அதில் ஒரு ஆணியோ எஞ்சினோ கிடையாது. ஒற்றைத் துடுப்புதான். இரண்டு பக்கமும் செங்குத்தான கல் சுவர் எழும்ப, பச்சை நிறத் தண்ணீரில் அந்தத் தட்டு மெல்லச் சுழன்றபடி போகும்போது பேச்சு தானாக நின்றுவிடும். தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் விற்கிற இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து உரசும்.

2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் இறந்தார்கள். ஒரு பரிசலில் 4 பேர், லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்பதெல்லாம் வெறும் பலகையில் எழுதி வைக்கும் வார்த்தை இல்லை. கம்பெனிக்குள் சேஃப்டி ஷூ இல்லாமல் ஒரு அடி வைக்காதவர்கள், செல்ஃபிக்காக ஜாக்கெட்டைக் கழற்றுவதும் பரிசலில் எழுந்து நிற்பதும் பரிசல்காரருக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அவரிடம் இருக்கிற ஒற்றைத் துடுப்பால் அதைச் சமாளிக்க முடியாது.

இனி, இரவு எங்கே தங்குவது? பென்னாகரத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சாலை காட்டுக்கு நடுவில் போகிறது. கோடையில் யானைகள் தண்ணீருக்காகக் காவிரியைத் தேடி இறங்கும் பாதையும் அதுவே. இந்த மலைத்தொடரில்தான் 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இரண்டு வன உயிரின சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. அங்கே வேனை ஓரங்கட்டி, பாய் விரித்து, பாட்டுப் போட்டு இரவைக் கழிப்பது உங்களுக்கும் ஆபத்து, யானைக்கும் தொல்லை. ஒகேனக்கல்லிலேயே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. பென்னாகரத்திலும் தர்மபுரியிலும் லாட்ஜ்கள் உண்டு. தர்மபுரியில் இரவு தங்கினால் ஓட்டுநர் முழுசாகத் தூங்கியிருப்பார். காலையில் காட்டுச் சாலையை வெளிச்சத்தில் கடக்கலாம்.

வேனிலேயே தூங்க விரும்புகிறவர்களுக்கு நம் மாநிலத்தில் ஒரு நல்ல இடம் வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கைதான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லெட்ச்வொர்த் என்று ஒரு அருவிப் பள்ளத்தாக்குப் பூங்கா இருக்கிறது. ஜெனசீ ஆறு மூன்று பெரிய அருவிகளாக விழுந்து ஆழமான பாறைப் பிளவுக்குள் ஓடும் இடம். வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் என்பவர் தன் நிலத்தை நூறாண்டுக்கு முன்பே மாநிலத்துக்குக் கொடுத்ததால் உருவானது. இன்று அங்கே வண்டியோடு வருகிறவர்கள் தங்க, மின் இணைப்பும் கழிப்பறையும் உள்ள இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் கேரளமும் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் ஒரு கேரவன் பூங்காவைத் திறந்தது. பென்னாகரத்தை ஒட்டி, காட்டுக்கு வெளியே, விளக்கும் கழிப்பறையும் குளியலறையும் காவலும் உள்ள ஒரு வேன் நிறுத்தம் கட்டினால் போதும். பெரிய கேரவனில் வருகிறவரைவிட, வாடகை வேனில் வரும் பெண்களுக்குத்தான் அது முதலில் பயன்படும். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்த மாநிலத்துக்கு, 20 வேன் நிற்கும் ஒரு இடத்தைக் கட்டுவது முடியாத காரியம் இல்லை. இதைக் கேட்டு எழுதுவதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

கம்பெனியிடமும் ஒன்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு லைனுக்கு ஞாயிறோடு சேர்த்துத் திங்கள்கிழமையும் விடுமுறை தந்து, அதற்கு ஈடாக வேறொரு நாள் வேலை செய்யச் சொன்னால் உற்பத்தி ஒன்றும் குறையாது. ஆடிப்பெருக்குக்கு அருவிக்கரையில் கூட்டம் நெரியும். அதைத் தவிர்த்து நீர்வரத்து சீராக இருக்கும் வாரமாகப் பார்க்கலாம்.

இந்த மடலைப் படிக்கும் சிலருக்குத் தர்மபுரியே சொந்த ஊராக இருக்கும். புளோரைடு கலந்த தண்ணீரால் பல்லில் கறையும் முழங்காலில் வலியுமாக இருந்த தாத்தா பாட்டியை அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அருவியைத் தாண்டிய தண்ணீர் மேட்டூருக்குப் போகிறது. அங்கேயும் அது குடிநீர்தான். ஷாம்பு பாக்கெட்டையும் உடைந்த பாட்டிலையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வரும் கை, யாரோ ஒருவருடைய குடத்துக்குள் அதைப் போடுகிறது. குப்பைக்கென்று ஒரு சாக்கை வண்டியிலேயே கட்டி வையுங்கள்; சிலிண்டர் இல்லாததால் இடம் இருக்கும்.

அப்படித் திங்களும் லீவு கிடைத்து, சனிக்கிழமை ராத்திரி தூங்கிவிட்டு, ஞாயிறு விடியலில் கிளம்பினால் ஆம்பூரில் சாப்பாடு, மாலைக்குள் தர்மபுரி. திங்கள் காலை கூட்டம் சேரும் முன் துறைக்கு வந்துவிடலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீனுக்குச் சொல்லிவிட்டு, ஜாக்கெட் வாரை இறுக்கி முதல் பரிசல்களில் ஒன்றில் ஏறினால், பாறைச் சுவரின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருக்கும். கீழே தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். பரிசல்காரர் பிளவின் நடுவில் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். அந்த நேரத்தில் வேன் ஓட்டுநரும் உங்களோடு பரிசலில் உட்கார்ந்திருக்கட்டும்.

அன்புடன்.